டிக்கியில் விட்டுப் போன சாமான்

அக்காவை, ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்று கனடாவில், ஸ்காபரோவில் கொஞ்சப் பேர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கோயிலில் சொன்னார்கள், மரக்கறிக் கடையில் சொன்னார்கள், ஒரு செத்தவீட்டில் கூடச் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அக்காவை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. நான் கண்டவள். ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில், அவருக்குப் பக்கத்தில் நின்று தயிர் டப்பா மூடி அடுக்கியவள். அந்தக் கதை நடந்த காட்டிலும் நின்றவள். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

பெயர் எழுத மாட்டேன். தொழிற்சாலைக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெண்கள் பெயரைக் கேட்டால், "பேர் என்னத்துக்கு? அக்கா எண்டாக் காணும்தானே" என்பார். அவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அஜின்கோர்ட்டில் வேலை செய்தோம். அந்த நாட்களில் எங்கள் பெண்கள் வேலைக்கு வருவதைப் பார்த்தால் ஊரை விட்டு ஓடி வருகிறவர்கள் போல இருக்கும். தோளில் ஒரு பெரிய கைப்பை, கையில் ஒரு ஷொப்பிங் பாக், அதற்குள் இன்னொரு ஷொப்பிங் பாக். சாப்பாடு, மாற்றுச் சப்பாத்து, சுவெற்றர், தைலம், வாழ்த்து அட்டை, பழைய பில், யாருக்கோ கொடுக்க வேண்டிய வடகம். நானும் அப்படித்தான். அக்கா வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். ஜக்கெற் பொக்கற்றில் வீட்டுப் பூட்டின் திறப்பும் பஸ் ரிக்கெற்றும் இருக்கும். சாப்பாடு பாண் வந்த பையில் சுற்றியிருக்கும். தின்று முடித்ததும் பையைக் குப்பையில் போட்டுவிடுவார். பின்னேரம் மறுபடி வெறுங்கையை வீசிக்கொண்டு போவார்.

"அக்கா, ஒரு ஹாண்ட்பாக் வாங்கித் தரட்டோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாங்கித் தந்தா அதுக்குள்ளை போடுறதுக்குச் சாமானும் நீர்தான் வாங்கித் தரவேணும்" என்றார்.

பேச்சும் அப்படித்தான். பஸ் பிந்தினால் நாங்கள் எல்லோரும் சுப்பவைசருக்கு ஒரு பெரிய கதை சொல்லுவோம். பனி, பஸ், பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரன் தண்ணீரை நிறுத்திவிட்டான். தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டுவோம். அக்கா, "பிந்திட்டன். என்ரை பிழை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய் மேசையில் நிற்பார். அவன் திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி நிற்பான். சாட்டுச் சொல்லாத ஆளை எப்படித் திட்டுவது என்று அவனுக்குத் தெரியாது. அக்காவிடம் நான் படித்திருக்க வேண்டிய விஷயம் அது. படிக்கவில்லை. எனக்கு வாய் நீளம்.

எல்லா நேரமும் அவரோடு சுகமாக இருக்க முடியாது. நாங்கள் அப்பார்ட்மென்ரை விட்டு வீட்டுக்கு மாறியபோது உதவிக்கு வந்தார். குசினி அலுமாரியைத் திறந்தார். நான் வருடக்கணக்காகக் கழுவிக் கழுவிச் சேர்த்து வைத்திருந்த ஐஸ்கிறீம் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. எங்கள் ஆட்களின் வீட்டில் அது ஒரு சொத்து. அதற்குள் கறி இருக்கும், மா இருக்கும், தையல் ஊசி இருக்கும், ஐஸ்கிறீம் மட்டும் இருக்காது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் கறுப்புப் பையில் அள்ளிக் குப்பைக் குழாய்க்குள் தள்ளிவிட்டார். அவை பத்து மாடி கீழே விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் அழுதேன். "ஏன் அழுறீர்? ஆரும் செத்தே போட்டினம்?" என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்த அக்காதான் வேட்டைக்குப் போவார். ஆம், வேட்டை. எங்கள் மேசையில் வடக்கே சிறு பட்டணம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரி வேலை செய்தாள். அவளோடு ஒருமுறை முயல் அடிப்பதைப் பார்க்கப் போனவர், வந்ததும் வகுப்பில் சேர்ந்து, சோதனை எழுதி, லைசன்ஸ் எடுத்து, பழைய ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றும் வாங்கிவிட்டார். வகுப்பில் அவர் ஒருவர்தான் தமிழ். அவர் ஒருவர்தான் பெண்ணும். எங்கள் சனத்துக்குத் துவக்கு என்றால் ஆமியும் இயக்கமும்தான். ஒரு தமிழ்ப் பெண் தன் அறையில் பூட்டுப் போட்டுத் துவக்கு வைத்திருக்கிறாள் என்றதும் என்னென்ன கதைத்தார்கள் என்று இங்கே எழுதினால் எனக்கு வாந்தி வரும். அவர் காட்டுக்குப் போய் முயலும் காட்டுக்கோழியும் அடித்து வந்து குழம்பு வைத்தார். அவ்வளவுதான். அந்தக் குழம்பைத் தின்றவர்களும் கதைத்தார்கள்.

ஒரு இரவு தங்கி வருவதற்கு அவர் கொண்டு போகும் பை, பள்ளிக்கூடப் பிள்ளையின் பையை விடச் சின்னது. ஒரு கத்தி, நெருப்புப்பெட்டி, கயிறு, மழைக்கு ஒரு விரிப்பு, ஒரு போர்வை, ஒரு சோடி காலுறை. பிலிம் றோல் வரும் சின்னக் குப்பிக்குள் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைத்திருப்பார். இரண்டு ரொட்டி. தோட்டா பொக்கற்றில். தலையில் செம்மஞ்சள் தொப்பி.

"மாத்துறதுக்கு உடுப்பு, அக்கா?"

"முயலுக்கு என்னை முன்னை பின்னைத் தெரியாது. ஒரே உடுப்பெண்டு கண்டுபிடிக்காது."

ஒரு புரட்டாதி மாதம் நாங்களும் வருகிறோம் என்று தொங்கினோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், தவராசா அண்ணை. மரியாதைக்குத்தான் அண்ணை என்கிறேன். தவராசா அண்ணைக்கு எங்கள் தொழிற்சாலையில் பொருள் ஏற்றும் பகுதியில் வேலை. அதைவிடப் பெரிய வேலை கலியாணம் பேசுவது. அந்த நேரம் என் கணவரின் தங்கைக்கு, என் மச்சாளுக்கு, றிச்மண்ட் ஹில்லில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு ராச மரியாதை. அவர் காரில்தான் போனோம். நாங்கள் மூவரும் துவக்கைத் தொடுவதில்லை, எங்களுக்கு லைசன்ஸ் இல்லை. காடு பார்க்கப் போனோம்.

வேலை முடிந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட்டு, சனிக்கிழமை திரும்புவது என்று ஏற்பாடு. அந்தப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை துவக்கு எடுக்கச் சட்டம் விடாது. காரில் ஏறின பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டோம். சனிக்கிழமை புரட்டாதிச் சனி. உலகத்தில் வேறு யாராவது இறைச்சி தொடாத இரண்டு நாளைத் தெரிவு செய்து வேட்டைக்குப் போவார்களா? நாங்கள் போனோம். என் கணவருக்கு அந்த வருடம் ஏழரைச் சனி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் சனிக்கிழமை பொழுதுபடும் வரை சாப்பிடாமல் விரதம் வேறு.

காட்டுப் பாதையில் கார் போகக்கூடிய கடைசி இடத்தில் தவராசா அண்ணை நிறுத்தி டிக்கியைத் திறந்தார். அங்கிருந்து குளக்கரைக்கு நடக்க வேண்டும். அக்கா டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆர் வீடு மாறுறியள்?" என்று கேட்டார்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். என்னுடைய பாய், தலகணி, புட்டுப் பானை, சம்பல் போத்தல், முறுக்கு டின், தலைக்கு வைக்கும் எண்ணெய். தவராசா அண்ணையின் மடிக்கும் கதிரை, பெரிய சோடாப் போத்தல்கள், ஒரு சிவப்பு வாளி.

"வாளி என்னத்துக்கு?"

"அது... காலமை வெளிக்குப் போனா..." என்று தவராசா அண்ணை இழுத்தார்.

"அங்கை ஒரு குளமே கிடக்கு. வாளிக்குள்ளை அதைக் கொண்டுவரப் போறியளோ?"

அடியில் ஒரு றைஸ் குக்கர் கிடந்தது. அக்கா அதைத் தூக்கி வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உதுக்குக் கரண்ட் ஆர் குடுக்கிறது? முயலோ?"

"பழக்கத்திலை ஏத்திப்போட்டன் பிள்ளை" என்றார் தவராசா அண்ணை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

புட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ள விட்டார். ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு தண்ணீர்ப் போத்தல். மற்றதெல்லாம் டிக்கிக்குள். கடைசியாக என் கணவரின் பையைத் திறந்தார். துவாய், வேட்டி, திருநீற்றுப் பெட்டி. அதற்குக் கீழே ஒரு பெரிய பக்கற் ரொபி மிட்டாய்.

"உது?"

"சும்மா அக்கா. வாய்க்கு."

"நாளைக்கு விரதமெண்டு சொன்னீர். விரதகாரனுக்கு ரொபி என்னத்துக்கு?"

"சனீஸ்வரனுக்கு லஞ்சமாக்கும்" என்றார் தவராசா அண்ணை. என் கணவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கற்றைத் தன் கையாலேயே டிக்கிக்குள் வைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை துருதுருக்கும்.

குளக்கரையில் விரிப்பைக் கட்டினோம். பொழுது சாய முன்னம் அக்கா ஒரு காட்டுக்கோழி அடித்துக்கொண்டு வந்தார். உரித்து, உப்பும் தூளும் பூசி, தடியில் குத்தி நெருப்பில் வாட்டினார். நாங்கள் மூவரும் ஆறிப்போன புட்டைச் சம்பல் இல்லாமல் விழுங்கிக்கொண்டு அந்த வாசத்தை மணந்தோம்.

"வெள்ளிக்கிழமை, பிள்ளை" என்று தவராசா அண்ணை அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நாளைக்குச் சனீஸ்வரன் சும்மா விடான்."

"அவர் இன்னும் கனடாவுக்கு விசா எடுக்கேல்லை" என்றார் அக்கா. கோழிக் கால் ஒன்றை முறித்து வாயில் வைத்தார்.

மறுநாள் காலை அக்காவோடு நானும் என் கணவரும் நடந்தோம். தவராசா அண்ணை குளக்கரையில் நின்றுவிட்டார். அக்காவின் சோதனையிலும் பிடிபடாமல் ஒரு சின்ன எள்ளெண்ணெய்ப் போத்தலும் மண் சுட்டியும் திரியும் பொக்கற்றில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். சனீஸ்வரனுக்கு விளக்கு வைக்க.

காடு சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. வெகுதூரம் உள்ளே போனோம். என் கணவர் பின்தங்கத் தொடங்கினார். திரும்பிப் பார்த்தால் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் இருந்துவிட்டார். அந்தக் குளிரில் முகம் எல்லாம் வேர்வை.

"எழும்புங்கோ அப்பா" என்றேன்.

"போடி விசரி" என்றார்.

கலியாணம் செய்த நாள் முதல் அவர் என்னை டீ போட்டுக் கதைத்ததில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஆரைப் பாத்து விசரி எண்டிறியள்?" என்று நான் தொடங்க, அவர் சம்பந்தமில்லாமல் மூடி, பெட்டி, மேசை என்று ஏதோ முனகினார். கை நடுங்கியது. அக்கா திரும்பி வந்தார். என் கணவரின் முகத்தைப் பார்த்தார். துவக்கை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்துப் பொக்கற்றில் போட்டு, வெறும் துவக்கை என் பக்கத்தில் நிலத்தில் வைத்தார். பிறகு, நேற்று டிக்கியை வெறுமையாக்கியது போல, என் கணவரின் ஜக்கெற் பொக்கற்றுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். உள்பொக்கற்றில் ஒரு மருந்துக் குளிசை அட்டை இருந்தது. இரண்டு குளிசை குறைந்திருந்தது.

"இவருக்குச் சீனி வருத்தமோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லையே" என்றேன். என் மனுசனைப் பற்றி எனக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியாதுதான். ஒரு வருடமாக நீரிழிவுக்குத் தனியாக டொக்டரிடம் போயிருக்கிறார். குளிசையைத் தன் வேலையிடத்து லொக்கரில் வைத்து விழுங்கியிருக்கிறார். தங்கைக்குக் கலியாணம் பேசும் வீட்டில் நோய், வருத்தம் என்ற சொல் வெளியே போகக்கூடாதாம். பெண்டாட்டியின் வாய் நீளமாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு, வயிற்றில் ஒன்றும் இல்லாமல் விரதமும் பிடித்து, விடிய எழும்பி அந்தக் குளிசையையும் போட்டிருக்கிறார். தவராசா அண்ணைக்கு முன்னால் ரொபி ஏன் என்று சொல்வதைவிட, ரொபி இல்லாமல் காட்டுக்குள் போவது அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது.

"சீனி இறங்கீட்டுது" என்றார் அக்கா. "என்னட்டை ரொட்டிதான் கிடக்கு. இவரால சப்பேலாது, தொண்டையிலை சிக்கும். நான் காருக்குப் போறன்."

"அக்கா, இவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை..."

"பேந்து சண்டை பிடியும். இப்ப இவரைக் கண்மூட விடாதேயும். கதை குடுத்துக்கொண்டிரும்."

பையைக் கழற்றிப் போட்டார். ஜக்கெற்றையும் கழற்றி அவருக்குப் போர்த்தார். தொப்பி மட்டும் தலையில். அக்கா மெல்லிய ஆள் இல்லை. நாற்பது கடந்த, இடுப்புக் கனத்த பெண். அவர் ஓடியதை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை. மரங்களுக்கிடையில் அந்தச் செம்மஞ்சள் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

நான் கதை கொடுத்தேன். என்ன கதை? ஏசினேன். எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. கலியாணத்தன்று என் அப்பாவிடம் அவர் தாய் சீதனம் கேட்டதில் தொடங்கினேன். சவர்க்காரம் கரைய விடுவது, வெள்ளைச் சட்டையில் கறி ஊற்றுவது, என்னை விமான நிலையத்தில் கூட்டிப் போக வந்தபோது பிந்தி வந்தது, எல்லாம். அவர் கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டி, "கேக்குதோ? கேக்குதோ?" என்று கத்தினேன். "ம்" என்றார். அந்த "ம்" வராத ஒரு நேரம் வந்தது. அப்போது என் சத்தம் காடு முழுவதும் கேட்டிருக்கும். நான் விதவையாகப் போகிறேன், அதுவும் ஒரு பக்கற் ரொபிக்கு, என்று நினைத்தேன்.

அக்கா குளக்கரையில் தவராசா அண்ணையின் முன்னால் போய் நின்று கையை நீட்டியிருக்கிறார். "திறப்பு." வேறு ஒரு சொல் இல்லை. அவர் கும்பிட்ட கையோடு நிற்க, அவரின் பொக்கற்றில் கையை விட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அவர் பிறகு ஊரெல்லாம் சொன்னார், "பேய் பிடிச்சவள் மாதிரி வந்து பறிச்சவள்" என்று.

திரும்பி வந்தபோது அக்காவின் கையில் இருந்தது ஒரே ஒரு சோடாப் போத்தல். முகம் முழுவதும் மரக்கொப்பு கீறிய இரத்தம். மூச்சு விசில் போல வந்தது. என் கணவரை நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் நனைத்து, அவர் விழுங்குவதைப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

"குடியும். இன்னும். விழுங்கும்."

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏன் அழுறீர்?" என்று கேட்டார். நான் அழுவது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அக்காவின் ரொட்டியையும் தின்றார். விரதம் முடிந்தது.

பின்னால் மரத்தைப் பிடித்துப் பிடித்துத் தவராசா அண்ணை வந்துகொண்டிருந்தார். என் கணவர் அக்காவின் கையைப் பிடித்தார். "அக்கா, அவருக்குச் சொல்லாதேங்கோ. தங்கச்சியின்ரை பேச்சு..." என்றார். சாவிலிருந்து எழும்பிய மனுசன் முதலில் கேட்டது அதை. அக்கா அவரைப் பார்த்தார். குளிசை அட்டையைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

"என்ன நடந்தது?" என்று தவராசா அண்ணை மூச்சு வாங்கினார்.

"மயங்கீட்டார். சாப்பாடில்லாமல்" என்றார் அக்கா. பிறகு என் கணவரைப் பார்த்து, "உம்மடை ரொபியை வெளியிலை எடுத்தது நான். கேட்டுப்போட்டு எடுத்திருக்கவேணும். அது என்ரை பிழை" என்றார்.

ஒரு முயல் கூட அடிக்காமல் திரும்பினோம். வழியில் ஒரு சிறு பட்டணத்து ஆசுப்பத்திரியில் அக்கா காரை நிறுத்தச் சொல்லி, என் கணவரை உள்ளே கூட்டிப் போய், டொக்டரிடம் அட்டையைக் கொடுத்தார். அவர்கள் பின்னேரம் வரை வைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள். தவராசா அண்ணை காரிலேயே இருந்து முறுக்கு டின்னை வெறுமையாக்கினார்.

அடுத்த கிழமைக்குள் கதை பரவிவிட்டது. விரதம் இருந்த மனுசனின் பையில் கிடந்த கடைசி இனிப்பையும் பறித்து, காட்டுக்குள் பட்டினியாக நடத்திக் கொல்லப் பார்த்தவள். வெள்ளிக்கிழமை மச்சம் தின்றவள். துவக்கு வைத்திருப்பவள். "அவளே தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டவள், என்ரை காதாலை கேட்டனான்" என்று தவராசா அண்ணை சத்தியம் செய்தார். அது பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பிழையை ஒப்புக்கொள்கிற ஒரே ஒரு ஆளைப் பிடித்து, அவர் ஒப்புக்கொண்டதையே அவர் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.

வீட்டில் நான் போட்ட சண்டையை எழுதத் தேவையில்லை. முடிவில், தங்கையின் கலியாணம் பேசி முடியும் வரை வாய் திறப்பதில்லை என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். ஆனால் மேசையில் மற்றப் பெண்கள் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் எல்லாருக்கும் உள்ளதைச் சொல்லப்போறன்."

"அது உம்மடை சாமான் இல்லை" என்றார், மூடியை அடுக்கிக்கொண்டே. "அவரின்ரை சாமான். அவர்தான் இறக்கவேணும்."

"உங்களையல்லோ சனம் பேசுது?"

"பேசட்டும். எனக்கு அது தோளிலை கனக்கேல்லை."

நான் அவரின் முகத்தை உற்றுப் பார்த்தேன். வீம்புக்குச் சொல்கிறாரா என்று. இல்லை. உண்மையாகவே கனக்கவில்லை. கன்னத்தில் அந்தக் கொப்புக் கீறல் இன்னும் ஆறாமல் இருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, என் சொந்த அக்கா தங்கை யாரைப் பற்றியும் வந்ததில்லை.

கந்தசஷ்டி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். நாள் குறிப்பதற்கு. நான் அக்காவையும் கூப்பிட்டேன். தவராசா அண்ணை குசினிக்குள் வந்து, "அவவைக் கூப்பிட்டா மாப்பிளை வீட்டார் என்ன நினைப்பினம்?" என்று கிசுகிசுத்தார். "அவ வராட்டி நீங்களும் இருக்கவேண்டாம். கதவு திறந்துதான் கிடக்கு" என்றேன். அவர் போகவில்லை. சாப்பாடு இருந்தது.

அக்கா வழக்கம் போல வெறுங்கையோடு வந்தார். சாப்பாடு பரிமாறினார், கோப்பை கழுவினார். நாளும் ஏறத்தாழப் பேசி முடிந்துவிட்டது. பாயாசம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது மாப்பிள்ளையின் தாய், பட்டுச் சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர்தானே பிள்ளை, இந்தத் தம்பியைக் காட்டுக்குள்ளை பட்டினி போட்டனீர்?"

தவராசா அண்ணை கூரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றார். "அவரின்ரை பையிலை இருந்த இனிப்பை எடுத்தது நான்தான்."

அவ்வளவுதான். ஒரு ஆனால் இல்லை, ஒரு ஏனென்றால் இல்லை. அந்த அம்மா, பார்த்தீர்களா என்பது போலத் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அக்கா வெறும் கோப்பைகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

என் கணவர் பாயாசக் கப்போடு கதிரையை விட்டு எழும்பினார். அவருக்கு நாலு பேர் முன்னால் கதைத்துப் பழக்கமில்லை. கப் கையில் ஆடியது. நான் முதலில், மறுபடியும் சீனி இறங்கிவிட்டது என்று பயந்தேன்.

"அன்ரி, எனக்குச் சலரோகம்" என்றார். "ஒரு வருசமா. நான் ஒருதருக்கும் சொல்லேல்லை. இவளுக்கும் சொல்லேல்லை. அண்டைக்குக் குளிசையும் போட்டு, விரதமும் பிடிச்சு... அந்த இனிப்பு அதுக்குத்தான் கொண்டு போனனான். அக்காவுக்கு ஏனெண்டு நான் சொல்லேல்லை. அவ ஓடிப் போய் சோடா கொண்டுவராட்டி நான் இண்டைக்கு இதிலை இல்லை. நீங்கள் இதாலை கலியாணத்தை வேண்டாமெண்டா, அது என்னாலை. அவவாலை இல்லை."

வாசலில் நின்ற என் மச்சாளின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவளுடைய வாழ்க்கை அந்த நிமிடத்தில் அந்த மேசையில் கிடந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் மனுசனை அன்றைக்குத்தான் எனக்கு முதல்தரம் முழுதாகப் பிடித்தது.

மாப்பிள்ளையின் தகப்பன் அதுவரை அதிகம் வாய் திறக்காத ஆள். தொண்டையைச் செருமிக்கொண்டு சேட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டார். ஒரு குளிசை அட்டையை எடுத்து மேசையில் பாயாசக் கப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உதுக்குப் போய் எழும்பி நிண்டு பிரசங்கம் பண்ணுறீர்" என்றார். "எங்கடை வீட்டிலை ஆருக்கு இல்லை? இவவுக்கும் இருக்கு."

"இஞ்சாருங்கோ! வாயை மூடுங்கோ!" என்று அந்த அம்மா பட்டுச் சேலைத் தலைப்பால் அட்டையை மூடினார்.

"என்னத்துக்கு மூடுறீர்? குளிசைக்குக் குளிரோ?"

முதலில் சிரித்தது என் மச்சாள். பிறகு மாப்பிள்ளை. பிறகு எல்லோரும். யார் எந்தக் குளிசை, காலையா மாலையா, பாகற்காய் நல்லதா வெந்தயம் நல்லதா என்று அறை முழுவதும் ஒரே சத்தம். தவராசா அண்ணை தன் பிரஷரைப் பற்றித் தொடங்கினார், ஒருவரும் கேட்கவில்லை. கலியாணம் தை மாதம் என்று முடிவானது.

என் கணவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். இருக்க மறந்துவிட்டார். அக்கா, அடுக்கிய கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"அப்ப உது உமக்கில்லை" என்று சொல்லி, அவர் கையில் இருந்த பாயாசக் கப்பை வாங்கி, நின்ற நிலையிலேயே குடித்து முடித்தார்.